தலவாக்கலைப் பக்கம் ஓட்டுவதற்குப் பழைய டொயோட்டா அக்வா சரிவருமா, இல்லை ஹைபிரிட்டே வேண்டாமா?

சென்கிளயர் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கார் விஷயத்தில் எங்கள் வீட்டில் எல்லாருமே கத்துக்குட்டிகள், அதனால்தான் இங்கே கேட்கிறேன். வீடு தலவாக்கலைக்கு மேலே. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வர ஒரு கிலோமீற்றர் அளவுக்குக் கல்லும் குழியுமான தோட்டத்து ரோடு. நான் படிப்பிக்கிற பாடசாலை கொட்டகலையில். இவ்வளவு காலமும் பஸ்ஸும் ஓட்டோவும்தான், ஆனால் மகளின் டியூஷன், மாமியின் நுவரெலியா கிளினிக், கண்டியில் அம்மா வீடு என்று ஓட்டோவுக்கும் வேனுக்கும் கொடுக்கிற காசைக் கூட்டிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

புரோக்கர் ஒருவர் 2013 அக்வா ஒன்று காட்டியிருக்கிறார், பெற்றோல் எஞ்சினோடு பற்றரியில் ஓடுகிற மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். மீற்றரில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரி மினுங்குகிறது. கிட்டத்தட்ட அதே விலைக்கு 2018 சுசுக்கி வேகன் ஆர் ஹைபிரிட் ஒன்றும் இருக்கிறதாம். என் கணவரின் அண்ணா, "ஹைபிரிட்டில் கை வைக்காதே, பற்றரி போனால் காரை விற்றுத்தான் பற்றரி வாங்க வேண்டும்" என்கிறார். புரோக்கரோ லீற்றருக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடும் என்று சத்தியம் பண்ணாத குறை. இரண்டு பேரையும் நம்ப மனம் வரவில்லை.

எங்கள் ஏற்ற இறக்கத்தில் உண்மையில் எவ்வளவு ஓடும், மாதம் என்ன செலவு வரும், பற்றரிக் கதை எவ்வளவு தூரம் உண்மை, இதை மலையில் ஓட்டுகிறவர்கள் சொன்னால் நல்லது. கொழும்பில் ஓட்டுகிறவர்கள் மன்னிக்க வேண்டும், உங்கள் கணக்கு எங்களுக்குச் சரிவராது என்று நினைக்கிறேன்.

ஹட்டன் ஹயர்காரன்:

டீச்சர், நான் ஹட்டனில் அக்வாவை ஹயருக்குப் போட்டு ஓட்டுகிறேன், அதனால் தினமும் பெற்றோல் கணக்கு எழுதுகிற ஆள். இருபத்தைந்து என்பது புரோக்கர் வாயில் மட்டும் ஓடுகிற கணக்கு. கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கினால் ஸ்கிரீனில் முப்பது கூடக் காட்டும், அதைப் போட்டோ எடுத்துத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். அதே ரோட்டில் நாலு பேரையும் சாமானையும் ஏற்றித் திரும்பி வரும்போது பதின்மூன்று பதினாலுக்கு வந்துவிடும். போக வரச் சேர்த்து எனக்குப் பதினேழு, பதினெட்டு. மலைநாட்டுக்கு அது நல்ல கணக்குத்தான்.

ஏற்றத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். அக்வாவில் எஞ்சின் 74 குதிரைவலு, மோட்டாரும் சேர்ந்தால் 100. நீண்ட ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே போனால் ஸ்கிரீனில் சார்ஜைக் காட்டுகிற பற்றரிக் கட்டைகள் மளமளவென்று இறங்கும், பிறகு எஞ்சின் தனியாகத்தான் இழுக்கும், சத்தமும் போடும். பயப்பட ஒன்றுமில்லை. பற்றரியை அது முழுதாக இறங்க விடாது. கொஞ்சம் நிதானமாக ஏறினால் சரி, ஓவர்டேக் பண்ணுவதற்கு மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் கியர்பொக்ஸ்தான். கிளச்சும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது, பல்சக்கரமும் இரண்டு மோட்டாரும் மட்டும். ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் நின்று நின்று ஊர்ந்தாலும் சூடாகி மணக்கிற சாமான் உள்ளே எதுவும் இல்லை.

இறக்கம்தான் பலருக்குப் புரியாது. "இறங்கும்போது சார்ஜ் ஆகும், பிறகு ஏற்றத்தில் இலவசமாக ஏறலாம்" என்று நினைக்கிறார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், தலவாக்கலை கிட்டத்தட்ட 1200. ஆட்களோடு 1300 கிலோ வருகிற கார் அவ்வளவு உயரம் இறங்கினால் இரண்டு கிலோவாற்று மணித்தியாலத்துக்கு மேல் சக்தி வெளியே வரும். டயரும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்றாலும் மிச்சத்தை வைக்க இடம் இல்லை, ஏனென்றால் அக்வா பற்றரி மொத்தமே ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்குக் குறைவு, அதிலும் ஏறத்தாழ பாதியைத்தான் கார் பாவிக்க விடும். அதனால் நுவரெலியாவில் இருந்து இறங்கினால் நானுஓயாவைத் தாண்டுவதற்குள்ளேயே கட்டைகள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வருகிற இறக்கம் முழுக்க வீண், பிரேக்தான் வாங்கிக்கொள்ளும்.

அந்த நேரத்தில் கியரை B இல் போடுங்கள். எஞ்சின் திடீரென்று உறுமும், புதிதாக ஓட்டுகிறவர்கள் "ஐயோ பெற்றோல் எரிகிறதே" என்று உடனே வழக்கமாக ஓட்டுகிற D க்கு மாற்றிவிடுவார்கள். பெற்றோல் எரியவில்லை. மிஞ்சிய கரண்டை வைத்து மோட்டார் எஞ்சினைச் சும்மா சுற்றுகிறது, அது காரைப் பிடித்து வைக்கிறது, பிரேக் சூடாகாது. றம்பொடை இறக்கத்திலும் ரதல்ல குறுக்கு ரோட்டிலும் இதைப் பழகாமல் ஹைபிரிட் ஓட்டவே கூடாது என்பேன். சமதரையில் B இல் ஓட்டாதீர்கள், அங்கே அதனால் நட்டம்தான்.

பிரேக் பேட் செலவு சாதாரணக் காரை விடக் குறைவு. எஞ்சின் ஒயில் 0W-20 என்கிற மெல்லிய வகை, அதில் கஞ்சத்தனம் பார்த்துக் கெட்டி ஒயில் போடாதீர்கள். தோட்டத்து ரோடுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அக்வாவின் அடி உயரம் 140 மில்லிமீற்றர், நாலு பேரோடு கல் ரோட்டில் வந்தால் அடியில் கட்டாயம் தட்டும்.

சும்மா ஒரு ஆள்:

இவ்வளவு விளக்கம் வேண்டியிருக்கிறதே, அதிலேயே தெரியவில்லையா? 121 கொரோலா ஒன்றை வாங்கிப் போடுங்கள் டீச்சர். எந்த ஊர் கராஜிலும் திருத்துவார்கள், சாமான் எங்கேயும் கிடைக்கும். மலையில் ஒன்பது பத்துத்தான் ஓடும், சரி, ஆனால் இரவில் நிம்மதியாகத் தூக்கம் வரும். பன்னிரண்டு பதின்மூன்று வருசப் பழைய பற்றரியை இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஊவாக் காற்று:

அண்ணே, 121 க்கும் இப்போது என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்த்தீர்களா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு புதுசு எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. அதனால் பழையதெல்லாம் பழைய விலையில் இல்லை.

டீச்சருக்கு வேகன் ஆர் பக்கத்தைச் சொல்கிறேன். நான் பண்டாரவளை, வங்கி வேலை, என்னிடம் இருப்பது வேகன் ஆர் ஹைபிரிட். பெயர்தான் ஹைபிரிட், அக்வா மாதிரி மோட்டாரில் மட்டும் ரோட்டில் ஓடுகிற சாமான் இல்லை இது. எஞ்சின் 660 சிசி. மோட்டார் 2.3 கிலோவாற்று, அதாவது மூன்று குதிரைவலு. சிக்னலில் நின்றால் எஞ்சினை நிறுத்தி, சத்தமில்லாமல் திரும்ப ஸ்டார்ட் பண்ணி, எடுக்கும்போது கொஞ்சம் தள்ளிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அதில் ஒரு நல்லதும் இருக்கிறது, லித்தியம் பற்றரி சின்னது, முன் சீட்டுக்குக் கீழே அடங்கிவிடும், உங்கள் கணவரின் அண்ணா சொல்கிற பயம் இதில் குறைவு.

எனக்கு லீற்றருக்குப் பதினைந்து கிடைக்கிறது. தனியாகப் போனால் எல்லா ஏற்றமும் சரி. நாலு பேர், சாமான், ஏசி எல்லாம் சேர்ந்தால் ஹப்புத்தளைப் பக்கம் ஏறும்போது பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே உயிரை எடுப்பான். ஏசியை நிறுத்துவேன், எங்கள் ஊர்க் குளிருக்கு அது பெரிய தியாகம் இல்லை. உட்கார உயரமாக இருக்கும், மாமிக்கு ஏறி இறங்க வசதி, அக்வாவில் குனிந்து உட்கார வேண்டும், முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு அது சிரமம். கிளினிக்குக்குக் கூட்டிப்போவதென்றால் இதையும் யோசியுங்கள்.

செலவில் ஒன்றைச் சொல்ல வேண்டும், பொனட்டுக்குள் இருக்கிற சாதாரண 12 வோல்ட் பற்றரி. நின்று நின்று ஸ்டார்ட் பண்ணுகிற காருக்கென்று தனி வகை போட வேண்டும், அது விலை கூட. மலிவானதைப் போட்டவர்கள் சீக்கிரமே திரும்ப வாங்கினார்கள்.

அப்புறம் 2022 பெற்றோல் தட்டுப்பாட்டை மறக்கக் கூடாது. ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, கியூஆர் பங்கீடு வந்த பிறகு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். எங்கள் கிளையில் பெரிய ஜீப் வைத்திருந்தவர்கள் பஸ்ஸில் வந்தார்கள், அந்த 20 லீற்றரில் நான் கிழமை முழுக்க வேலைக்கும் போய், பதுளைக்கும் போய் வந்தேன். அந்தக் காலத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பெரிய எஞ்சின் மேல் ஆசையே போய்விட்டது.

கம்பளை ஸ்பேனர்:

பற்றரியைப் பற்றி ஆளாளுக்குப் பேசுவதால் கராஜ் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஹைபிரிட் வேலைதான் அதிகம் செய்கிறோம்.

அக்வாவில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், 7.2 வோல்ட் மொடியூல், அதாவது சின்னப் பற்றரித் துண்டு, இருபது, மொத்தம் 144 வோல்ட். ஒரே நாளில் எல்லாம் சாகாது. ஒன்று இரண்டு பலவீனமாகும், கார் எச்சரிக்கை விளக்கைப் போடும். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். செத்த ஒன்றை மட்டும் மாற்றிக் குறைந்த காசுக்குத் திருத்தித் தருவதாகச் சொல்வார்கள். அது நைந்த வேட்டியில் புதுத் துணி ஒட்டுப் போடுகிற மாதிரி, ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்ததாகக் கிழியும். சில மாதத்தில் இன்னொரு மொடியூல், பிறகு இன்னொன்று. விற்பதற்காகத் திருத்துகிறவனுக்கு அது போதும், வைத்து ஓட்டுகிறவனுக்குப் போதாது. முழுப் பற்றரியும் மாற்றினால், எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, இரண்டு இரண்டரை இலட்சத்திலிருந்து மேலே போகும். காரை விற்கத் தேவையில்லை, ஆனால் சின்னக் காசும் இல்லை. பன்னிரண்டு வருசம் தாண்டிய அக்வா வாங்கினால் அந்தக் காசைக் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப விலை குறைத்துப் பேசுங்கள்.

பற்றரி சீக்கிரம் சாவதற்குப் பெரிய காரணம் சூடு. பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, சீட்டின் கீழ் ஓரத்தில் காற்று இழுக்கிற துவாரம் ஒன்று உண்டு, உள்ளே ஃபேன். அந்தத் துவாரத்தை அரிசி மூட்டை, மரக்கறிப் பை, ஸ்கூல் பேக் வைத்து அடைத்துவிடுவார்கள். ஃபேனைக் கழற்றினால் தூசி கம்பளி மாதிரி வரும், நாய் வளர்க்கிற வீட்டுக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். வருசத்துக்கு ஒரு தடவை அதைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள், சில ஆயிரம் ரூபாதான். இந்த விஷயத்தில் மட்டும் நுவரெலியாக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள், கொழும்பு வெயிலை விட உங்கள் குளிர் பற்றரிக்கு நல்லது.

பார்க்கப் போகும்போது ஸ்கேனர் உள்ள ஆள் ஒருவரைக் கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற புளூடூத் ஓபிடி கருவி ஒன்றும் போனில் டாக்டர் பிரியஸ் என்ற ஆப்பும் போதும். காரை நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஓட்டும்போதுதான் பலவீனமான இடத்தில் வோல்ட் மட்டும் சடாரென்று விழும், மற்றது நிற்கும். இறக்கத்தில் அதே இடம் மற்றவற்றை விட மேலே குதிக்கும். விற்கிறவர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அப்படியே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மீற்றரை நம்பாதீர்கள், ஜப்பான் ஓக்ஷன் ஷீட் கேளுங்கள், அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையையும் ஓடிய கிலோமீற்றரையும் எழுதின தாள் அது. ஸ்டியரிங் தோல், பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் ஓரம் இந்த மூன்றும் உண்மையைச் சொல்லும். அடுத்தது பிரேக் பம்ப். மிதிக்காமல் நிற்கும்போதே அடிக்கடி "கிர்ர்" என்று ஓடி நின்று ஓடினால் அது கடைசிக் காலத்தில் இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட பற்றரி அளவுக்குக் காசு கேட்கும். மலையில் அது இல்லாமல் விளையாட முடியாது.

இன்னும் ஒன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது எங்கள் கம்பளை, பேராதனைப் பக்கம் தண்ணீருக்குள் நின்ற கார்கள் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தோம். அதெல்லாம் எங்கே போயிருக்கும்? கழுவி, காயவைத்து, புது சீட் கவர் போட்டு வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும். பற்றரி சீட்டுக்குக் கீழே இருக்கிற காருக்கு அந்தத் தண்ணீர் விஷம். பின் சீட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை உயர்த்தி, ஆணித் தலைகளில் துரு இருக்கிறதா, வயர் கனெக்டருக்குள் சேறு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சீட்பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அங்கே சேற்றுக் கோடு தெரியும். சென்ட் மணம் அளவுக்கு மேல் அடித்தால் சந்தேகப்படுங்கள்.

சென்கிளயர் டீச்சர்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. இதைப் படித்த பிறகு என் கணவர் புரோக்கரிடம் ஓக்ஷன் ஷீட் கேட்டார். "அதெல்லாம் எதற்கு சேர், கார் கண் முன்னால் நிற்கிறதே" என்று பதில் வந்தது. அதனால் அந்த அக்வாவை விட்டுவிட்டோம். இப்போது வேறு இரண்டு மூன்று பார்க்கிறோம்.

ஹட்டன் அண்ணா, ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன பதினேழு பதினெட்டு நீண்ட ஓட்டத்துக்கு. நான் காலையில் குளிரில் எடுத்து, பத்துக் கிலோமீற்றர் போய்ப் பாடசாலையில் நிறுத்தி, பிறகு பின்னேரம்தான் எடுப்பேன். கண்டிக்கு மாதம் இரண்டு தடவை, தவலந்தென்னை வழியாக. மொத்தம் மாதம் 800 கிலோமீற்றர் வரும். எனக்கு இலாபம் இருக்குமா?

ஹட்டன் ஹயர்காரன்:

நல்ல கேள்வி டீச்சர், இதைக் கேட்காமல்தான் பாதிப் பேர் ஹைபிரிட் வாங்குகிறார்கள். குளிரில் எடுத்தவுடன் எஞ்சின் தன்னைச் சூடாக்கிக்கொள்வதற்காகவே ஓடும், பற்றரி நிறைய இருந்தாலும் நிற்காது. தலவாக்கலைக் காலைக் குளிரில் அது சூடாகி, நின்று நின்று ஓடுகிற நிலைக்கு வருவதற்குள் நீங்கள் பாதி வழி போயிருப்பீர்கள். ஆகவே உங்கள் பாடசாலை ஓட்டத்துக்குப் பதினாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டிக்குப் போகும்போது பதினெட்டு வரும், பேராதனைப் பக்கம் ட்ராஃபிக்கில் மாட்டினால் மற்றவர்கள் பெற்றோல் எரித்துக்கொண்டு நிற்க நீங்கள் எஞ்சின் நின்று போய்ச் சும்மா நிற்பீர்கள், அங்கே ஹைபிரிட்டுக்கு நிகர் இல்லை.

சராசரி பதினாறு என்று எடுத்தால் 800 கிலோமீற்றருக்கு 50 லீற்றர். சாதாரணப் பெற்றோல் கார், மலையில் பதினொன்று ஓடுகிறது என்று வைத்தால் 73 லீற்றர். வித்தியாசம் 23 லீற்றர். லீற்றரை 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போட்டால் மாதம் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, வருசத்துக்கு எண்பதாயிரம் சொச்சம். மூன்று வருசம் மிச்சம் பிடித்தால் ஒரு பற்றரி. எனக்கு மாதம் மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதால் ஒரு வருசத்திலேயே பற்றரிக் காசு வந்துவிடும், உங்களுக்கு அப்படி இல்லை. லீசிங் போடுவதென்றால் வட்டிக்கு முன்னால் இந்த ஏழாயிரம் எந்த மூலைக்கு?

அதனால் பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் ஹைபிரிட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரே விலைக்கு நல்ல நிலையில் இருக்கிற சாதாரணப் பெற்றோல் டொயோட்டா விட்ஸ் ஒன்று கிடைத்தால் அதையும் பாருங்கள்.

சும்மா ஒரு ஆள்:

ஆக, நான் சொன்னதற்குத்தான் சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

ஹட்டன் ஹயர்காரன்:

இல்லை மச்சான். உன் 121 ஒன்பதுதான் ஓடும், டீச்சர் கணக்கில் அது 89 லீற்றர். அக்வாவை விட மாதம் பன்னிரண்டாயிரத்துக்குக் கிட்ட கூட. நீ தூங்கு.

ஊவாக் காற்று:

ஹொண்டா ஃபிட், வெசல் பக்கம் புரோக்கர் இழுத்தால் என்ன சொல்வது, கம்பளை அண்ணா? என் தம்பியும் வெசல் வேண்டும் என்று நிற்கிறான்.

கம்பளை ஸ்பேனர்:

ஓட்ட நல்ல கார், இழுவையும் நன்றாக இருக்கும். ஆனால் 2013 கடைசியிலிருந்து 2019 வரை வந்த ஃபிட், வெசல், கிரேஸ் ஹைபிரிட் மூன்றிலும் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். ஜப்பானிலேயே ஃபிட்டையும் வெசலையும் 2013, 2014 இல் திரும்பத் திரும்ப ரீகோல் பண்ணினார்கள், அதாவது குறையைத் திருத்த விற்ற காரைத் திரும்ப அழைத்தார்கள். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் எக்ஸலரேட்டரால் காரைத் தாங்கி நிற்க வைக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு, அந்தக் கியர்பொக்ஸுக்கு அதை விடக் கொடுமை வேறில்லை, கிளச் சூடாகி எச்சரிக்கை வந்துவிடும். தம்பி பிரேக்கைப் பிடித்து நிற்கிற ஆள் என்றால் வாங்கட்டும், ரீகோல் வேலை முடிந்த கார்தானா என்று சேஸி இலக்கத்தை வைத்துப் பார்த்துவிட்டு.

டீச்சர், நீங்கள் பார்க்கிற அடுத்த காரைக் கண்டிக்குப் போகிற வழியில் கம்பளையில் நிறுத்தினால் நானே ஸ்கேன் பண்ணித் தருகிறேன். இன்பொக்ஸில் ஒரு மெசேஜ் போடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கராஜில் நிற்கவே இடம் இருக்காது.

சென்கிளயர் டீச்சர்:

மெசேஜ் போட்டிருக்கிறேன் அண்ணா. கொட்டகலையில் ஒரு 2015 அக்வா, முதல் சொந்தக்காரரே விற்கிறார், ஓக்ஷன் ஷீட்டும் கையில் இருக்கிறது. பற்றரி இன்னும் மாற்றவில்லையாம். விலையில் இரண்டரை இலட்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், ஒன்றரை வரை இறங்கியிருக்கிறார். திங்கட்கிழமை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டார்.